பெயரை மாற்றித் தப்பித்த ஓவியம்: வெனிஸ் நகரில் 1573-ல் நடந்த வினோத விசாரணை

இயேசு தன் சீடர்களுடன் கடைசியாக உணவருந்தும் காட்சி. அதில் கையில் கிளியுடன் ஒரு கோமாளிக்கு என்ன வேலை? மேசைக்கு முன்னால் நாய் எதற்கு? 1573 ஜூலை 18 அன்று வெனிஸ் நகரின் திருச்சபை விசாரணை மன்றம் ஓர் ஓவியரைக் கூப்பிட்டு வைத்து இப்படித்தான் கேட்டது. அவர் பாவ்லோ வெரொனேசே. அப்போது வெனிஸின் முன்னணி ஓவியர்களில் ஒருவர்.

கிறிஸ்தவக் கலை வரலாற்றில் ஓவியரே நேரில் பதில் சொல்ல, அந்தப் பதில்கள் எழுத்தில் பதிவான அபூர்வமான வழக்கு இது.

எந்த ஓவியம்?

வெனிஸில் உள்ள சான்டி ஜியோவான்னி எ பாவ்லோ, டொமினிக்கன் துறவிகளின் மடம். அதன் உணவுக்கூடத்தில் டிஷியன் வரைந்த கடைசி இராவுணவு ஓவியம் இருந்தது. 1571-ல் நடந்த தீ விபத்தில் அது அழிந்துபோக, அந்த இடத்துக்குப் புதிதாக வரையும் பொறுப்பு வெரொனேசேயிடம் வந்தது.

துறவிகள் சாப்பிடும் கூடத்தில் இயேசு சாப்பிடும் காட்சியை வைப்பது இத்தாலியில் பழைய வழக்கம். மிலானில் லியொனார்டோ டா வின்சி வரைந்த புகழ்பெற்ற ஓவியமும் ஒரு டொமினிக்கன் மடத்தின் உணவுக்கூடச் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் லியொனார்டோ வரைந்தது 13 பேரை மட்டும். வெரொனேசே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தையே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அப்படி என்னதான் இருந்தது?

சுமார் 5.5 மீட்டர் உயரம், 12 மீட்டருக்கும் மேல் அகலம். மூன்று பிரம்மாண்ட வளைவுகள் கொண்ட வெனிஸ் மாளிகை. நடு வளைவின் கீழே இயேசு. அவரைச் சுற்றி பட்டுடை விருந்தாளிகள், பரபரக்கும் வேலைக்காரர்கள், கிளியுடன் கோமாளி, ஜெர்மானிய உடையில் ஆயுதம் ஏந்திய காவலர்கள், மூக்கில் ரத்தம் வழிந்த ஒரு பணியாள். திருத்தூதர் ஒருவர் முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார்!

திருச்சபை ஏன் பதறியது?

1517-ல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, புராட்டஸ்டன்ட் பிரிவினர் பலர் ஆலயங்களில் படங்களும் சிலைகளும் வைப்பதையே சிலை வழிபாடு என்று சாடினார்கள். 1566-ல் நெதர்லாந்துப் பகுதிகளில் ஆலயங்களுக்குள் புகுந்து உடைத்தே போட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை படங்களைக் கைவிடத் தயாராக இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு நற்செய்தியைச் சொல்லித்தருவதே ஓவியங்கள்தான் என்பது அதன் நிலைப்பாடு. அதேசமயம், எதிராளி கேலி செய்ய இடம் கொடுக்கவும் கூடாது. எனவே 1563 டிசம்பரில் டிரென்ட் பொதுச்சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: புனிதப் படங்களில் ஒழுங்கீனமோ, பொருத்தமற்றதோ இருக்கக் கூடாது; வழக்கத்துக்கு மாறான படங்களுக்கு ஆயரின் ஒப்புதல் வேண்டும்.

மைக்கலாஞ்சலோவே தப்பவில்லை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் அவர் வரைந்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தின் நிர்வாண உருவங்களுக்கு 1565-ல் டேனியேல் டா வொல்தேரா என்ற ஓவியர் துணி வரைந்து மூடினார். பாவம், 'கால்சட்டை தைப்பவர்' என்ற பட்டப்பெயர்தான் அவருக்கு மிச்சம்.

விசாரணையில் என்ன நடந்தது?

அந்த இராவுணவில் உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். இயேசுவும் திருத்தூதர்களும்தான் என்று வெரொனேசே ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் மற்றவர்கள்? 'படம் பெருசு, இடம் மிச்சம் இருந்துச்சு, ஆட்களைப் போட்டு நிரப்பினேன்' என்பதுதான் அவர் பதிலின் சாரம். வீட்டுக்காரர் பணக்காரர், காவலர்கள் இருக்க மாட்டார்களா என்றும் கேட்டார். கவிஞர்களுக்கும் பித்தர்களுக்கும் உள்ள சுதந்திரம் ஓவியர்களுக்கும் உண்டு என்று வாதாடினார்.

நாய் இருக்கும் இடத்தில் மகதலா மரியாவை வரையச் சொல்லி மடத்தின் தலைவர் கேட்டதையும், அது அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று தான் நினைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

ஜெர்மனியில் இதுபோன்ற படங்களால் திருச்சபையைக் கேலி செய்கிறார்களே, தெரியாதா என்றும் ஒரு கேள்வி வந்தது. உண்மையான பயம் எங்கே இருந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

தீர்ப்பு என்ன? தப்பித்தது எப்படி?

3 மாதத்துக்குள், சொந்தச் செலவில் ஓவியத்தைத் திருத்த வேண்டும். இதுதான் உத்தரவு. வெரொனேசே நாயை அழிக்கவில்லை, கோமாளியையும் வெளியேற்றவில்லை. ஓவியத்தின் பெயரை மாற்றினார்! கடைசி இராவுணவு, 'லேவியின் வீட்டில் விருந்து' ஆனது. லூக்கா நற்செய்தி 5-ம் அதிகாரம் என்ற குறிப்பையும் ஓவியத்திலேயே எழுதிவிட்டார்.

இது வெறும் தந்திரம் இல்லை. லேவி வரி வசூலிப்பவர். ஊராரால் பாவி என்று ஒதுக்கப்பட்டவர். அவர் வீட்டு விருந்தில் இயேசு உட்கார்ந்தபோது, இந்த மாதிரி ஆட்களோடு சேர்ந்து சாப்பிடலாமா என்று பரிசேயர்கள் முணுமுணுத்தார்கள். நோயாளிக்குத்தான் மருத்துவர் தேவை என்பது இயேசு சொன்ன பதிலின் பொருள். இயேசு இருக்கும் இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று மன்றம் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். புதிய பெயரில் கோமாளியும் குடிகாரரும் விருந்துக்கு முறையான விருந்தாளிகள் ஆகிவிட்டார்கள்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

வெனிஸின் அக்காடெமியா கலைக்கூடத்தில், ஒரு சுவரையே நிறைத்தபடி இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் இணையத்தில் தேடி, போனில் ஜூம் செய்து பார்க்கலாம். இடது பக்கம் கிளி, வலது பக்கம் ஆயுதக் காவலர்கள், முன்னால் அந்த நாய்: மூவரும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.