வாசல் திரையும் வணிகரின் பெயரும்

கடையின் பெயருக்கு விலை உண்டா? உண்டு என்கிறார்கள் ஜப்பானியர். கடை வாசலில் தொங்கும் துணித் திரைக்கு அவர்கள் மொழியில் 'நோரென்' என்று பெயர். நாம் கணக்கேட்டில் 'நற்பெயர்' என்று எழுதும் இனத்தையும் அவர்கள் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

இதன் பொருள் அந்நாட்டின் பழைய உணவகங்களைப் பார்த்தால் விளங்கும். 'ரியோதேய்' எனப்படும் இவற்றில் பல குடும்பத் தொழிலாகவே நடந்து வருகின்றன. கியோத்தோ நகரில் நான்சென்ஜி ஆலயத்துக்கு அருகே உள்ள 'ஹியோதேய்' முதலில் வழிப்போக்கர் இளைப்பாறும் தேநீர்க் கடையாக இருந்தது, 1837-இல் உணவகமாயிற்று. அங்கே பெயர் பெற்ற பண்டங்கள், மஞ்சள் கரு இறுகாமல் வேகவைத்த முட்டையும் காலை நேரத்து அரிசிக் கஞ்சியும்தான்! சரக்கு எளியது, தரம்தான் பெரிது.

இத்தகைய உணவகங்களில் பாய் விரித்த தனி அறையில் விருந்து நடக்கும். சூப், பச்சை மீன் துண்டு, சுட்ட மீன், பருவத்துக்குரிய காய் என ஒவ்வொன்றும் சிறிய அளவில், அழகான பாத்திரத்தில் வரும். நிறைவாகச் சோறும் ஊறுகாயும். 'ஒகாமி' எனப்படும் கடைத் தலைவி தாமே வரவேற்று, வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

பழைய கடைகள் சிலவற்றில் முன்பின் அறியாதவரை ஏற்பதில்லை என்ற வழக்கமும் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். சாப்பிட்ட கையோடு பணம் கேட்பதில்லை. கணக்கு பின்னர் அனுப்பப்படும். புதியவர் செலுத்தத் தவறினால் அறிமுகம் செய்தவரே பொறுப்பு. பற்று எழுதிப் பழகிய நமக்கு இந்த நாணயத்தின் அருமை தெரியும்.

ஆனால் பெயர் தானாகவே காப்பாற்றாது. 1930-இல் ஒசாகாவில் தோன்றிய 'கிச்சோ' ஜப்பானின் தலைசிறந்த உணவகங்களில் ஒன்று. 1991-இல் அது நிறுவனரின் பிள்ளைகள் வழியே தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. அவற்றுள் ஒன்றான 'செம்பா கிச்சோ', காலாவதித் தேதியையும் இறைச்சி வந்த ஊரையும் மாற்றி எழுதியது 2007-இல் வெளிப்பட்டது. வாடிக்கையாளர் உண்ணாமல் விட்டதை மற்றவருக்குப் பரிமாறிய செய்தியும் 2008 மே மாதம் அம்பலமாயிற்று. அந்த மாதமே கடை மூடப்பட்டது.

மிச்சமான ஒரு தட்டு உணவில் என்ன லாபம் கிடைத்திருக்கும்? அதற்காக இழந்ததோ பல ஆண்டுக் காலப் பெயர். வணிகப் பெருமக்களே, இன்று நம் கடைச் சரக்கில் ஒட்டியிருக்கும் தேதியை நாமே ஒருமுறை பார்ப்போம். நம் பெயர்ப் பலகையின் விலை அதில்தான் இருக்கிறது.