ஒரே இடத்தில் ஊன்றும் கவனம்

சாரல் காலத்தில் ஐந்தருவியின் முன் ஒரு சிறுவன் நிற்கிறான் என்று கொள்வோம். தாய் நான்கு முறை பெயர் சொல்லி அழைத்தும் அவன் திரும்பவில்லை. ஐந்து கிளைகளுள் ஒன்றில் நீர் பாறையில் மோதிச் சிதறும் இடத்தையே பார்த்திருக்கிறான். அருகில் நிற்போர் 'பிடிவாதக்காரன்' என்பர். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையை உடனே கூறுபவனும் அவனே. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்போருக்கு இது புதிய காட்சியன்று.

இதனைப் பிடிவாதம் எனக் கொள்ளுதல் தவறு. பெரும்பாலோரின் கவனம் பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடும். ஆட்டிசம் உள்ளோரின் கவனமோ ஒரே வாய்க்காலில் பெருகிப் பாயும். 2005இல் டைனா மர்ரேயும் அவருடைய துணை ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட கோட்பாட்டை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். பெரிய படத்துள் மறைந்திருக்கும் சிறு வடிவத்தை ஆட்டிசம் உள்ள சிறுவர் பிறரைவிடத் திறம்படக் கண்டறிவதை 1983இலேயே அமிதா ஷாவும் ஊட்டா ஃப்ரித்தும் காட்டியிருந்தனர். குற்றாலம் சித்திர சபையின் சுவரில் நாம் முழு ஓவியத்தைக் காணும்போது, இவர்கள் ஓர் அணிகலனின் கோட்டினை முதலில் காணக்கூடும்.

லண்டனில் 1974இல் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷையர் 2014இல் சிங்கப்பூரை ஹெலிகாப்டரிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, அந்நகரை நினைவிலிருந்தே நான்கு மீட்டர் நீளமுள்ள ஓவியமாக ஐந்து நாளில் வரைந்தார். சிறுவயதில் அவர் பேசவில்லை. ஆசிரியர்கள் அவருடைய ஓவிய ஆர்வத்தையே வாயிலாகக் கொண்டனர். அவர் கேட்டுப் பெற்ற முதற்பொருள் காகிதம். முழுமையாகப் பேச ஏறக்குறைய ஒன்பது வயதாயிற்று.

பெற்றோர் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய தனித்திறன் ஆட்டிசம் உள்ளோரில் சிலருக்கே அமைகிறது. அது இல்லாத பிள்ளை எவ்வகையிலும் குறைந்ததன்று. அது உள்ள பிள்ளைக்கும் உடுத்தவும், உண்ணவும், உரையாடவும் உதவி தேவைப்படலாம். ஆகவே உறவினர்முன் திறனைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 'இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தெரியாதா?' என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

அழைத்தும் திரும்பாத பிள்ளைக்கு முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். அழைக்கும்போது அதன் பார்வைக்குள் சென்று, சில சொற்களில் பேசி, விடைக்குக் காத்திருங்கள். ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதற்குரிய சான்றிதழ் பெறுவது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

அருவிக்கரையில் மட்டும் உங்கள் குரலை நம்பாதீர்கள். பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். பிறகு, அது பார்க்கும் இடத்தை நீங்களும் சற்று நேரம் பாருங்கள்.