தேசப்படம் கூறும் சாட்சியம்

நமது பாடசாலைச் சுவர்களில் தொங்கும் உலகப் படத்தை அறியாதவர் நம்மில் இலர். பூகோளப் பாடத்திற்கென ஏற்பட்ட அப்படம் இக்காலத்தில் வேறொரு தொழிலையும் மேற்கொண்டிருக்கிறது. எந்தத் தேசம் செல்வமுடையது, எங்கே கல்வி மிகுந்தது, எந்நாட்டார் நெடுநாள் வாழ்கின்றனர் என்பவற்றை வர்ணங்களால் தீட்டிப் பத்திரிகைகளிலும் பிரசங்க மேடைகளிலும் காட்டுகிறார்கள். கரும்பச்சை பெற்ற நாடு உயர்ந்தது, வெளிறிய நாடு தாழ்ந்தது என்று ஒரு நிமிஷத்தில் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. நமது தேசத்தைப் பற்றிய அத்தீர்ப்பைக் கண்டு ஒரு சாரார் மனமுடைகின்றனர். மற்றொரு சாரார் படமே பொய்யென்று சினக்கின்றனர். இரண்டும் தவறு என்பது நமது அபிப்பிராயம்.

எல்லைத் தகராற்றில் ஒரு கட்சிக்காரர் தாக்கல் செய்யும் வரைபடத்தை நியாயஸ்தலத்தார் அப்படியே ஏற்பதில்லை. வரைந்தவர் யார், யார் பொருட்டு வரைந்தார், எப்பொழுது அளந்தார், எதை விட்டுவிட்டார் என்று குறுக்கு விசாரணை செய்த பின்னரே அதற்கு மதிப்பு ஏற்படும். உலகப் படமும் அத்தகைய ஒரு சாட்சியே. சாட்சியைக் கூண்டிலேற்றிச் சில கேள்விகள் கேட்போம்.

முதலாவது, உருவத்தைப் பற்றியது. உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் பரப்பினால் ஏதேனும் ஒன்று பழுதுபட்டே தீரும். 1569-ஆம் வருஷத்தில் மெர்க்கேட்டர் என்பவர் வகுத்த முறை மாலுமிகளுக்காக ஏற்பட்டது. திசை தவறாமல் கப்பலோட்ட அது மிகவும் ஏற்றது. ஆனால் துருவங்களை நெருங்க நெருங்க அது நாடுகளைப் பெருக்கிக் காட்டும். அம்முறைப் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைப் போல் பன்மடங்கு பெரிதாய்த் தோன்றுகிறது. உண்மையில் இந்தியாவின் விஸ்தீரணம் சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்தோ சுமார் 22 லட்சமே. ஆப்பிரிக்காக் கண்டம் கிரீன்லாந்தைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரியது; படத்தில் இரண்டும் சமானமாய் நிற்கின்றன. கடலோடிகளுக்காகச் செய்த படத்தைக் குழந்தைகளுக்கு முன் மாட்டி, வடதேசங்கள் பெரியவை, உஷ்ண தேசங்கள் சிறியவை என்ற எண்ணத்தைப் பல தலைமுறைகளாக வளர்த்துவிட்டோம்.

இரண்டாவது கேள்வி, யார் பொருட்டு என்பது. 1802-இல் பரங்கிமலைக்கருகே அடிக்கோடு அளந்து லாம்டன் துவக்கிய பெரும் சர்வே, விஞ்ஞான உலகில் ஒரு மகத்தான காரியமென்பதில் ஐயமில்லை. எனினும் கும்பினியாருக்குத் தேசப்படம் வரி வசூலுக்கும் பட்டாளம் நடத்துவதற்கும் வேண்டியிருந்தது. பின்னாளில் ஏகாதிபத்தியம் முழுவதையும் ஒரே சிவப்பு வர்ணத்தில் தீட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரையில், சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். 1943-இல் வங்காளத்திலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அச்சிவப்பில் இவற்றின் சாயை சிறிதும் விழவில்லை. உலக வருமானத்தில் இந்தியாவின் பங்கு 1700-இல் சுமார் 24 சதவிகிதமாயிருந்து 1950-இல் சுமார் 4 சதவிகிதமாய்ச் சுருங்கியதென்று ஆங்கஸ் மாடிஸன் என்னும் பொருளாதார அறிஞர் மதிப்பிட்டிருக்கிறார். மேல்நாடுகளின் யந்திரத் தொழில் வளர்ச்சியும் நமது தொழில்களின் வீழ்ச்சியும் அக்கணக்கில் கலந்திருக்கின்றன. இன்றைய படத்தில் நாம் வெளிறியிருப்பதைக் காட்டுவோர், முன் வருஷத்துப் படங்களையும் அருகே வைத்துக் காட்டுவதே முறை.

மூன்றாவது, அளவுகோலைப் பற்றியது. நாடுகளின் வருமானத்தை டாலரில் மாற்றி ஒப்பிடும் படங்களே மிகுதி. 2023-ஆம் வருஷக் கணக்கில் இந்தியனுக்குத் தலைக்குச் சுமார் 2,500 டாலர் என்றால், அத்தொகையைக் கொண்டு நியூயார்க்கில் வாழ இயலாது, மதுரையில் இயலும். அரிசி, வாடகை, கூலி ஆகியவற்றின் உள்ளூர் விலையை அனுசரித்துக் கணக்கிட்டால் அதே வருமானம் மூன்று நான்கு மடங்காகத் தோன்றுகிறது. அப்படியும் மேல்நாடுகளுக்கு நாம் வெகுதூரம் பின்தங்கியே இருக்கிறோம் என்பது உண்மைதான். ஆயினும் எந்தக் கோலால் அளந்தார்கள் என்று கேளாமல் எந்தப் படத்தையும் நம்பலாகாது. அளந்த காலமும் முக்கியம். நமது தேசத்தில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய ஜனகணிதம் அவ்வருஷம் நடைபெறவில்லை. ஆகவே எழுத்தறிவைப் பற்றிப் பேசுவோர் பலரும் 2011-ஆம் வருஷத்துப் பழைய சாட்சியத்தையே இன்னும் திருப்பித் திருப்பிப் படிக்க நேர்ந்திருக்கிறது.

நிற்க. இவற்றிலெல்லாம் பெரிய குறை, ஒரு தேசத்திற்கு ஒரே வர்ணம் என்பதே. 2011-ஆம் வருஷத்துக் கணக்கின்படி தேசமுழுவதிலும் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தவர்கள். கேரளத்தில் 94, தமிழ்நாட்டில் 80, பீகாரில் 62. இந்நால்வகை எண்களும் உலகப் படத்தில் ஒரே சாயத்தில் கரைந்துபோகின்றன. சராசரி என்பது ஒருவனுக்கு வெந்நீரிலும் மற்றொருவனுக்குப் பனிநீரிலும் ஸ்நானம் செய்வித்து, இருவருக்கும் வெதுவெதுப்பென்று எழுதிவைப்பது போன்றது.

தூர தேசம் போவானேன்? மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியையே பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பெருமழை. இப்பால் மழை மறைவு. 1886-இல் திருவாங்கூருக்கும் சென்னை சர்க்காருக்கும் 999 வருஷக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டு, பென்னிகுயிக் துரையின் மேற்பார்வையில் எழும்பிய பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையில் சேர்ந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரிய கால்வாய் மேலூர் வரையில் வயல்களை நனைக்கிறது. அதே வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடையும்போது, பல வருஷங்களில் ஆறென்று சொல்லத்தக்க நீர் இருப்பதில்லை. கால்வாய்த் தலைப்பிலுள்ள குடியானவன் நடவைப் பற்றிப் பேசும் மாதத்தில், கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரே ஆற்றின் பாசனத்தில் இத்தனை பேதமிருக்க, ஒரு கண்டம் போன்ற தேசத்திற்கு ஒரே வர்ணம் எங்ஙனம் பொருந்தும்?

நமது அண்டை நாடாகிய இலங்கையை எடுத்துக்கொள்வோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரமே. எழுத்தறிவிலும் ஆயுளிலும் அந்நாடு நெடுங்காலமாகவே நம்மை முந்தி நிற்கிறது. படம் இதைச் சொல்லும்; காரணத்தைச் சொல்லாது. 1945 முதல் அங்கே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி ஏற்பட்டதும், சர்க்கார் வைத்தியசாலைகள் கிராமங்களுக்குப் பரவியதும் முக்கிய காரணங்களாம். ஆனால் அந்த நல்ல வர்ணத்திற்குள்ளும் ஒரு மறைவுண்டு. நமது தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்று மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான ஜனங்கள், 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். சாக்கு மூட்டைகளைப் பங்கிடுவது போல் மனிதர்களைப் பங்கிட்ட கதை எந்த வர்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

அயலாரைக் குறைகூறும் முன் நமது வீட்டையும் பார்க்கவேண்டும். மதுரைப் பட்டணத்தின் படம் மிக அழகியது. நடுவே ஆலயம், அதைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்து நிற்கும். ஆனால் அவ்வாலயத்திற்குள் எவர் செல்லலாம், எவர் செல்லலாகாது என்ற கோட்டை எந்தச் சர்வேயரும் வரையவில்லை. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்ட வகுப்புச் சகோதரர்களுடன் உட்பிரவேசித்தபோதுதான், அப்படியொரு கோடு இருந்ததும் அது அழியக்கூடியதென்பதும் ஊரறிந்த உண்மையாயின. அத்துடன் எல்லாம் தீர்ந்ததா? மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் ஒரு வகுப்பாரின் குடியிருப்பை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சுமார் 600 மீட்டர் நீளத்திற்கு ஒரு சுவர் நின்றது. 2008-ஆம் வருஷம் மே 6-ஆம் தேதிதான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி விடப்பட்டது. சுயராஜ்யம் பெற்று அறுபது வருஷங்களுக்குப் பின் நடந்த சம்பவம் இது. உலகப் படத்தில் அச்சுவர் ஒரு மயிரிழையளவும் தெரியாது. சுவருக்கு அப்புறத்திலிருந்தவர்களுக்கோ அதுவே உலகத்தின் எல்லை.

ஆகையால் தேசப்படங்களைக் கிழித்தெறிய வேண்டுமென்பது நமது கருத்தன்று. பொய் சொல்லும் சாட்சி வேறு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சி வேறு. தேசப்படம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கேட்கத் தெரிந்தவனுக்கு அது பெரும் துணை. பிறநாட்டார் எதில் முந்தினர் என்று காட்டி நமது சோம்பலைக் கலைக்கும் சக்தி அதற்குண்டு. அந்தச் சக்தியைப் பழம்பெருமை பேசி நாம் மழுக்கிவிடலாகாது.

தேச ஊழியர்களுக்கு நாம் சொல்லும் யோசனை எளியது. அயல்நாட்டார் தீட்டிய படத்தைப் பற்றி மேடையில் வாதாடுவதோடு நில்லாமல், ஒவ்வொருவரும் தத்தம் கிராமத்தின் படத்தை ஒரு முழுக் காகிதத்தில் வரைந்து பார்க்கட்டும். கண்மாய் எங்கே, அதன் கடைசி மடை எங்கே, பாடசாலைக்கு எந்தத் தெருவிலிருந்து எத்தனை தூரம், குடிநீர்க் குழாய் எந்த இடத்தில் நின்றுவிட்டது, மயானத்திற்கு எவருக்குப் பாதையுண்டு, எவருக்கில்லை என்பவற்றை ஒளிக்காமல் குறிக்கட்டும். வரைந்ததைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் விரித்துவைத்து விடை கேட்கட்டும். உலகப் படத்தில் நமது தேசத்தின் வர்ணம் மாறவேண்டுமானால், முதலில் அந்தக் காகிதத்திலுள்ள கோடுகள் மாறவேண்டும். அவை நமது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.