நூலகத்தில் மந்திரமா?

துப்பறியும் கதையைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் பாதிக் கதையிலேயே துப்பறிவாளராகி விடுகிறோம். "இவன்தான் கொலையாளி" என்று முடிவு கட்டிவிட்டு, எஞ்சிய பக்கங்களைச் சான்று தேடுவதற்காகவே புரட்டுகிறோம். அவ்வாறு நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. இத்தாலியப் பேராசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1980-இல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' என்னும் புதினமே அது. அதன் முடிவைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது. இன்னும் படிக்காத நண்பர்கள் பொறுத்தருள்க!

கதை நிகழ்வது 1327 நவம்பரில், வட இத்தாலிய மலைமீதுள்ள ஒரு துறவியர் மடத்தில். துறவிகள் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். துப்பறிபவர் வில்லியம் என்னும் ஆங்கிலத் துறவி. அவருடைய ஊர்ப்பெயர் பாஸ்கர்வில் என்றதுமே ஷெர்லக் ஹோம்ஸ் நம் நினைவுக்கு வருகிறாரன்றோ!

மடத்து நூலகம் 56 அறைகள் கொண்ட புதிர்வழிக் கட்டடம். நூலகரைத் தவிர வேறெவரும் அங்கு நடமாட உரிமையில்லை. மீறி இரவில் நுழைந்தால் பூத உருவம் தோன்றுகிறது, முனகல் கேட்கிறது, தலை சுற்றுகிறது. நூலகரே மாந்திரிகர், பூட்டிய அறையில் இருப்பது மந்திரச் சுவடி என்று விடுதியில் இரண்டு நாள் வாதாடினேன்.

உண்மை என்ன? உருவம் தோன்றியது வளைந்த கண்ணாடியில். முனகியது சுவர்த் துளைகளின் வழியே புகுந்த காற்று. மயக்கியது மூலிகைப் புகை. மறைத்து வைத்திருந்த நூலோ, நகைச்சுவையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும், இன்று கிடைக்காத கவிதையியல் இரண்டாம் பகுதி! சிரிப்புக்கு அஞ்சிய ஹோர்ஹே என்னும் பார்வையற்ற முதியவர் அதன் தாள்களில் நஞ்சு தடவியிருந்தார். விரலை நாவில் நனைத்துப் பக்கம் புரட்டியவர்கள் மாண்டனர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. திருவெளிப்பாட்டு நூலின் ஏழு எக்காளங்களின் வரிசைப்படியே இறப்புகள் நிகழ்கின்றன என வில்லியம் கருதினார். அந்த வழியே சென்று ஹோர்ஹேயை அடைந்தும் விட்டார். ஆனால் அப்படியொரு திட்டமே இருந்ததில்லை! ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஒருவரை வேறொருவர் கொன்றார். பேரறிஞரும் தவறான கொள்கையால்தான் உண்மையைத் தொட்டார். அதற்குள் நூலகம் தீக்கிரையாயிற்று.

வாசகர் ஊகங்கள் யாவும் வீண் என்று நான் கூறவில்லை. ஹோர்ஹே என்ற பெயரில், பார்வை இழந்த நிலையிலும் 1973 வரை அர்ஜென்டினா தேசிய நூலகத்தின் இயக்குநராக இருந்த எழுத்தாளர் போர்ஹேஸ் ஒளிந்திருக்கிறார் என வாசகர் ஊகித்தனர். 1983-இல் எழுதிய பின்னுரையில் எக்கோ அதனை ஒப்புக்கொண்டார். நூலில் சான்று இருந்தது, ஊகம் நின்றது. என் மந்திரக் கொள்கைக்கோ என் ஆசையே சான்று!

இது கதையோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதியிரேன். சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் ஒரு கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. அன்றிரவே ஊருக்குப் புறப்பட்ட நண்பன் ஒருவன்மீது ஐயம் கொண்டோம். அவன் தலை குனிந்தாலும் சான்று. நிமிர்ந்து பேசினாலும் சான்று. பத்து நாள் கழித்து, கடிகாரத்துக்கு உரியவனின் மெத்தை உறைக்குள்ளேயே அது அகப்பட்டது. நண்பன் எங்களை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. ஆனால் அன்றுமுதல் எங்களோடு உணவுக்கு அமர்வதில்லை.

கதையில் தவறாக ஊகித்தால் கடைசிப் பக்கம் நம்மைத் திருத்திவிடும். வாழ்வில் கடைசிப் பக்கம் வரும்வரை நாம் காத்திருப்பதில்லை. எனவே நண்பர்களே, ஊகியுங்கள். ஊகம் அறிவின் முதற்படி. ஆனால் அதனைப் பொய்யாக்கும் சான்றையும் நீங்களே முதலில் தேடுங்கள். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" மெய்ப்பொருள் காண்பது அறிவென்றால், அப்பொருள் நம் வாயிலிருந்தே பிறக்கும்போது அவ்வறிவு இன்னும் இன்றியமையாததன்றோ!