ஒளியைக் கூட்டினால் செய்தி கூடுமா?

சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதற்கு முன்பு தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே ஒரு செய்தி வந்து சேரக் கால் வினாடி ஆகும். வடத்தின் முழு நீளத்தையும் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ வினாடியின் நூற்றில் ஒரு பங்கே போதும்.

தலைநகர் போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடுத்த டாலிகஞ்சில் ஒரு மாணவர் கணிப்பொறியில் பாடத்தைத் திறக்கும்பொழுது, அது ஒளித்துடிப்புகளாகவே கடலைக் கடந்து வருகிறது. நாளை தேவை பெருகினால் ஒளியின் திறனைக் கூட்டிச் செய்தியையும் கூட்டிக்கொள்ளலாமே என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். குழாயில் நீரழுத்தத்தைக் கூட்டுவதுபோல் இதையும் கருதிக் கோப்பில் குறிப்பெழுதுவது எளிது. ஆனால் கண்ணாடி, குழாயைப் போன்றதன்று.

ஒரு பொருளின் ஒளிவிலகல் எண் மின்புலத்தால் மாறும் என்பதை 1875-இல் ஜான் கெர் கண்டறிந்தார். ஒளியும் ஒரு மின்புலமே. ஆகவே செறிவு மிகுந்த ஒளி தான் செல்லும் பாதையைத் தானே மாற்றிவிடுகிறது. துடிப்பின் நடுப்பகுதியில் செறிவு அதிகம். அங்கு ஒளிவிலகல் எண் சற்றே உயர்கிறது. இதனால் துடிப்பின் முன்பகுதியில் அலைகள் நீண்டு சிவப்பின் பக்கமும், பின்பகுதியில் நெருங்கி நீலத்தின் பக்கமும் சாய்கின்றன. இவ்வெவ்வேறு நிறங்கள் இழையில் வெவ்வேறு வேகத்தில் செல்வதால் துடிப்பின் வடிவம் கெடுகிறது. அதே இழையில் செல்லும் பிற அலைநீளங்களின் செய்திகளும் குலைகின்றன. திறனை இருமடங்காக்கினால் இக்குழப்பம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். காரணத்துக்கு நேர்விகிதத்தில் அமையாததால்தான் இவற்றை நேரியலற்ற விளைவுகள் என்கிறோம். பொருளியல் பயின்றவர்களுக்குக் குறைந்து செல் விளைவு விதி நினைவுக்கு வரும்; இங்கோ ஓர் எல்லைக்கு மேல் விளைவு குறைவதோடு நில்லாமல் நட்டமாகவே முடிகிறது.

வடத்தின் இழை, மணலிலிருந்து பெறும் சிலிக்கா கண்ணாடி. இன்றைய ஒளித்தொடர்புக் கருவிகள் பலவற்றிலோ சிலிக்கன் சில்லுகள் இடம்பெறுகின்றன. அவற்றில் ஒளி செல்லும் அலைநடத்தி சுமார் 450 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் கொண்டது. இழையின் உள்ளகமோ எட்டு, ஒன்பது மைக்ரோமீட்டர் விட்டமுடையது. இத்துணைச் சிறிய இடத்தில் ஒளி நெருக்கப்படுவதாலும், சிலிக்கனில் கெர் விளைவு இயல்பாகவே நூறு மடங்குக்கு மேல் வலியதாலும், இழையில் ஒரு கிலோமீட்டரில் நிகழ்வது இங்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரில் நிகழ்ந்துவிடுகிறது.

சிலிக்கனுக்கு வேறொரு குணமும் உண்டு. 1,550 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கனில் எலக்ட்ரானை விடுவிக்க 1.12 வேண்டும். எனவே தனித்துகள் தடையின்றிக் கடந்துபோகிறது. செறிவு மிகுந்தாலோ இரண்டு துகள்கள் ஒருங்கே உட்கவரப்படுகின்றன. விடுபட்ட எலக்ட்ரான்கள் மேலும் ஒளியை உட்கவர்கின்றன; ஒளிவிலகல் எண்ணையும் கெர் விளைவுக்கு எதிர்த்திசையில் மாற்றுகின்றன. துடிப்பின் உச்சி தட்டையாகிறது. தலைப்பகுதி விட்டுச்சென்ற எலக்ட்ரான்களால் வால்பகுதி கூடுதலாக நலிகிறது. 2,200 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களில் இத்தொல்லை இல்லை.

தொல்லையே கருவியாவதும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட விளைவைக் கொண்டு, 2004-இல் கலிபோர்னியாவில் சிலிக்கன் லேசர் இயக்கப்பட்டது. மறு ஆண்டு இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள், மின்புலத்தால் உபரி எலக்ட்ரான்களை அகற்றி, அதைத் தொடர்ச்சியாக ஒளிரச் செய்தனர். ஓர் அலைநீளத்துச் செய்தியை மற்றோர் அலைநீளத்துக்கு மாற்றவும் கெர் விளைவு உதவுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் சிலிக்கன் ஒளியியல் ஆய்வு நடைபெற்று வருகிறது.

ஆகவே தீவுகளுக்கு மேலும் செய்தி செல்ல வேண்டுமெனில், கூடுதல் அலைநீளங்கள், சிறந்த குறியீட்டு முறை, கூடுதல் இழைகள் ஆகியனவே வழி. முதலிரண்டைப் பெரும்பாலும் கரையிலுள்ள கருவிகளை மாற்றிப் பெறலாம். இழைகளின் எண்ணிக்கையை மட்டும் வடத்தைக் கடலில் இடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.