வாசல் திறந்த வீடுகள் – 9: வான்கோழி ஊரில் ஜெர்மன் பிள்ளைகள்

மினசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், அயோவா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது வொர்த்திங்டன். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும். ஊருக்குள் ஒகபீனா ஏரி. செப்டம்பர் வந்தால் வான்கோழியைத் தெருவில் ஓடவிட்டு, டெக்சாஸின் குவேரோ ஊர் வான்கோழியோடு பந்தயம் நடத்துவார்கள். ஜெர்மன் மாணவர்கள் அமெரிக்கா வந்துபோகும் கதையைச் சொல்ல வாஷிங்டனில் எத்தனையோ அலுவலகங்கள் இருக்க, இந்த வாரம் நான் இந்தச் சின்ன ஊரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

1945 ஏப்ரல் தொடக்கத்தில், தென்ஜெர்மனியின் க்ரைல்ஸ்ஹைம் நகரத்தை அமெரிக்க டாங்கிப் படை பிடித்தது. எதிர்த்தாக்குதலில் பின்வாங்கியது. திரும்பி வந்து மறுபடி பிடித்தபோது, பழைய நகரத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான். போர் முடிய அப்போது மூன்று வாரம்கூட இல்லை. இரண்டே ஆண்டு கழித்து, 1947இல், வொர்த்திங்டன்காரர்கள் அந்த ஊருக்குத் துணிமணியும் உணவுப் பொட்டலமும் அனுப்பத் தொடங்கினார்கள். அமெரிக்க ஊர் ஒன்றுக்கும் ஜெர்மன் ஊர் ஒன்றுக்கும் இடையே ஏற்பட்ட முதல் சகோதர நகர உறவு அதுதான். பொட்டலங்கள் போன வழியில் பிறகு பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஓராண்டு தங்கிப் படிப்பவர்களும் உண்டு, சில வாரம் குழுவாக வந்து போகிறவர்களும் உண்டு.

அந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்களுக்கு ஜெர்மன் இளைஞன் புதிய முகமல்ல. போரின் கடைசி ஆண்டுகளில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மன் போர்க் கைதிகள் அமெரிக்காவில் இருந்தார்கள். அயோவாவின் அல்கோனா முகாமைச் சேர்ந்தவர்கள் மினசோட்டா வரைக்கும் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். சட்டையில் 'பி.டபிள்யூ.' என்று கொட்டை எழுத்து. அவர்களுடைய தம்பி வயதுப் பையன்கள் சில ஆண்டுகள் கழித்துக் கையில் பெட்டியோடு, விருந்தாளியாக, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் வந்து இறங்கினார்கள்.

அரசாங்கக் கணக்கு வேறு. நாஜிப் பள்ளியில் படித்த தலைமுறைக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்க அதிகாரிகளின் எண்ணம். மாணவர்களையும் அறிஞர்களையும் பரிமாறிக்கொள்ளும் ஃபுல்பிரைட் ஒப்பந்தம் 1952இல் ஜெர்மனியோடு கையெழுத்தானது. போன வாரம் பார்த்த ஏ.எஃப்.எஸ். என்ற பரிமாற்ற அமைப்பின் மாணவர்களை, பெர்லினில் பேசிவிட்டு வந்த அடுத்த மாதமே, 1963 ஜூலையில், வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கென்னடி சந்தித்தார். பேச்செல்லாம் பெரிய பேச்சுதான். பிள்ளைகள் கற்றுக்கொண்டதில் பாதி, தங்கிய வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்டது என்பது என் கணிப்பு.

கோடையில் வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பதே கிடையாது. மினசோட்டாவில் ஜூன் தொடக்கத்தில் பூட்டிய பள்ளி, செப்டம்பரை ஒட்டித்தான் திறக்கும். ஜெர்மனியிலோ கோடை விடுமுறை மொத்தமே ஆறு வாரம். அதையும் 16 மாநிலங்களும் ஆளுக்கொரு தேதியில் விடுகின்றன. ஊரே ஒரே நாளில் காரெடுத்துக் கிளம்பிவிடக் கூடாதே! க்ரைல்ஸ்ஹைம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் கடைசியில் விடும் கூட்டத்தைச் சேர்ந்தது, ஜூலைக் கடைசியில்தான் பூட்டும். ஆகவே அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பது ஆகஸ்ட் மாத அமெரிக்கா: ஏரி, பேஸ்பால், கவுண்ட்டி ஃபேர்.

கவுண்ட்டி ஃபேரைச் சும்மா திருவிழா என்று கடந்துவிட முடியாது. 4-எச் என்ற இளைஞர் அமைப்பின் பிள்ளைகள், மாதக்கணக்கில் தாங்களே வளர்த்த கன்றையும் பன்றியையும் அங்கே கொண்டுவருகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் பன்றியைக் குளிப்பாட்டி, மரத்தூள் பரப்பிய வளையத்துக்குள் சிறு கோலால் தட்டித் தட்டி நடத்துவாள். நடுவர் பின்தொடையைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார், மைக்கைப் பிடித்துக் காரணம் சொல்லித் தீர்ப்பு சொல்வார். அப்புறம் ஏலம். பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்தது இறைச்சிக்குப் போகும். அழுகிற பிள்ளைகளும் உண்டு, அடுத்த வருஷக் குட்டிக்குப் பணம் ஆயிற்று என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. க்ரைல்ஸ்ஹைம் பிள்ளைக்குப் பன்றி ஒன்றும் அதிசயமல்ல. முன்னும் பின்னும் கறுத்து, நடுவே வெளுத்த ஷ்வேபிஷ்-ஹால் பன்றி அவர்கள் மாவட்டத்துப் பெருமை. ஆனால் தன் வயதுப் பெண் கூட்டத்தின் நடுவே நின்று விற்கிறாளே, அது புதிது.

அடுத்த புதுமை, பேஸ்பால் ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம். கூட்டமே எழுந்து நெஞ்சில் கை வைக்கும். சொந்த ஊரில் 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போதுதான் வீட்டு ஜன்னலிலும் காரிலும் கொடி கட்டக் கூச்சம் விட்ட சமூகம் அது. வீட்டு வாசல்தோறும் கொடி பறப்பதைப் பார்த்து இந்தப் பிள்ளைகள் நெளிவது எனக்குப் புரிகிறது. தங்கவைக்கும் குடும்பத்துக்கோ அதில் என்ன நெளிவு என்பதே புரியாது.

வயதுச் சிக்கல் இன்னொன்று. ஜெர்மனியில் 16 வயதில் பீர் வாங்கலாம்; கார் ஓட்ட, பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்தாலும் 17 ஆக வேண்டும். மினசோட்டாவில் 16 வயதுப் பையன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போவான். பீருக்கு 21 வரை காத்திருப்பான். இரண்டு வீட்டு அம்மாக்களும் மற்றவள் பிள்ளையை நினைத்துப் பதறலாம். பதறுகிற விஷயம்தான் வேறு.

இன்று வொர்த்திங்டன் வருகிற ஜெர்மன் பிள்ளை, 1950களின் அமெரிக்காவைத் தேடினால் ஏமாறும். ஊரின் பெரிய வேலை பன்றி இறைச்சி ஆலையில். அதை நம்பி லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்தவர்கள், பர்மாவின் கரென் மக்கள் என்று ஊரே மாறிவிட்டது. அகதிகள் வருகையைப் பற்றி வீட்டில் தினமும் விவாதம் கேட்டு வளர்ந்த ஜெர்மன் பிள்ளைக்கு, ஜனநாயகப் பாடத்தைவிட இந்தக் கடைத்தெரு அதிகம் சொல்லும்.

வருகிற வழியில்தான் இப்போது முள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஜெர்மானியருக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. சம்மர் கேம்ப்பில் சிறுவர்களை மேய்க்க வரும் கல்லூரி மாணவருக்குப் பரிமாற்ற விசா வேண்டும். 2025 மே கடைசியில் அந்த விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவை அமெரிக்கா நிறுத்தியது. ஜூனில் மறுபடி திறந்தபோது, சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொன்னது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறை தங்களைப் பற்றி என்ன எழுதிவைத்தது என்று 1992 முதல் மக்கள் கோப்பைப் பிரித்துப் படித்த நாடு ஜெர்மனி. அங்கே இந்த நிபந்தனை எப்படிக் கசந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேம்ப் திறப்பதோ ஜூனில். விசா சில வாரம் தள்ளினாலே அந்தக் கோடை போச்சு.

(அடுத்த வாரம்: எதிர்த்திசையில் போன வொர்த்திங்டன் பிள்ளைகள்)