சம்பாதிப்பது மகள், பணம் யார் பெயரில்?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் வேலைக்குப் போவது புதுமை அல்ல. தாய் நாலு வீட்டு வேலைக்கோ இட்லி வியாபாரத்துக்கோ போனாள். மகள் படிப்பை முடித்துவிட்டு ஆஸ்பத்திரியிலும் கடையிலும் கம்பெனி ஆபீசிலும் மாதச் சம்பளத்துக்குச் சேருகிறாள்.

முதல் சம்பளத்தைச் சாமி படத்தின் முன் வைத்து, அம்மா கையில் கொடுப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஏழெட்டு வருடம் உழைத்த பெண்ணிடம், "உன் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வருவதில்லை. சீட்டு அம்மா பெயரில், நகை ரசீது அப்பா பெயரில், ஏ.டி.எம். அட்டை அண்ணன் கையில். குடும்பத்துக்குக் கொடுப்பது வேறு. கணக்கே இல்லாமல் போவது வேறு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சம்பளச் சீட்டைப் படியுங்கள்

வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது, சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிராவிடண்டு பண்டுக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் 0.75 சதவீதம், சுமார் 113 ரூபாய். கைக்கு வருவது 13,087 ரூபாய்.

பிடித்த பணம் போய்விட்டதாக நினைக்கக் கூடாது. முதலாளியும் தன் பங்காக 1,800 ரூபாய் கட்டவேண்டும். அதில் 1,250 ரூபாய் பென்ஷனுக்கும், 550 ரூபாய் பண்டுக் கணக்குக்கும் போகிறது. இந்தப் பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பதை யு.ஏ.என். எண்ணைக் கொண்டு தானே பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. மாதா மாதம் பார்த்தால்தான் அது தெரியவரும்.

வேலை மாறும்போதும் கல்யாணத்தின்போதும் பண்டை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது பலருடைய பழக்கம். பென்ஷன் பெற 10 ஆண்டுச் சேவை வேண்டும். பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் கணக்கில் சேரும். எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

மகாராஷ்டிரத்தில் வேலை பார்க்கும் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் 25,000 ரூபாய் வரை உள்ள பெண்களுக்கு 2023 ஏப்ரல் முதல் தொழில் வரி இல்லை. ஆண் ஊழியர்களுக்குப் பிடிப்பதுபோல் 200 ரூபாய் பிடித்திருந்தால், கணக்குப் பார்ப்பவரிடம் உடனே கேட்க வேண்டும்.

ஒதுக்கிவிட்டுச் செலவு

கைக்கு வரும் 13,000 ரூபாயில் வீட்டுக்கு 7,000, ரயில், சாப்பாடு, போன் ஆகியவற்றுக்கு 3,000 என்றால் மீதி 3,000. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.

இதில் 2,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் 15 மாதத்தில் 30,000 ரூபாய் சேரும். மூன்று மாதச் செலவுக்கான பணம் அது. வேலை போனாலும், உடம்பு சரியில்லாமல் படுத்தாலும் வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. அது சேர்ந்தபின் அந்த 2,000 ரூபாயை 15 வருட பி.பி.எப். கணக்குக்குத் திருப்பலாம். அதில் வருடத்துக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும்.

மீதி 1,000 ரூபாய்க்குத் தபாலாபீசில் ஐந்து வருட ஆர்.டி. தொடங்கலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே இதைத் தொடங்க முடியும். 12 தவணை கட்டியபின் அவசரத்துக்கு இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். ஐந்து வருட முடிவில் கட்டிய 60,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும்.

சின்னச் சிக்கனமும் உதவும். லோக்கல் ரயிலில் மாதா மாதம் சீசன் டிக்கெட் எடுப்பதைவிட மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சம். பாங்குக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும், 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பும் கிடைக்கின்றன. தன் சம்பளத்தை நம்பிப் பெற்றோர் இருக்கும் பெண்ணுக்கு இவை அவசியம்.

சீட்டும் நகையும்

நம்மவர்களுக்குச் சீட்டில் உள்ள நம்பிக்கை பெரியது. பதிவு பெற்ற சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் உண்டு, நடத்துபவர் கட்டிய பிணையத் தொகை உண்டு, அவருடைய கமிஷனுக்கு 7 சதவீத உச்சவரம்பு உண்டு. சாலில் நோட்டுப் புத்தகத்தில் நடக்கும் சீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. நடத்துபவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் கையில் இருப்பது அந்த நோட்டு மட்டுமே. சீட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றால், போனால் தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும், தன் பெயரிலேயே போட வேண்டும்.

பாங்கில் போட்ட பணத்துக்கு, ஒருவருக்கு ஒரு பாங்கில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2019ல் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு பாங்கு முடங்கியபோது, முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது காப்பீடு 1 லட்சமாக இருந்தது. 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சம் ஆனது. பத்பேடிகளுக்கும் நகைக்கடை மாதச் சேமிப்புத் திட்டங்களுக்கும் இந்தக் காப்பீடு இல்லை.

நகை வாங்கினால் 916 முத்திரையும் ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதைத் தன் பெயரில் வாங்கி வைக்க வேண்டும். பெண்ணுக்கு வந்த சீதனம் பெண்ணுக்கே முழு உரிமை என்று 1985லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. ஆனால் எது தன்னுடையது என்று காட்ட ரசீதுதான் பேசும்.

ரகசிய எண்ணும் அப்படியே. பாங்குக் கணக்கோடு இணைந்த போன் எண் தன்னுடையதாக இருக்க வேண்டும். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. போடச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

ஒரு தீர்ப்பு சொல்லும் பாடம்

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். 1955ல் மணமாகி, மூன்றே மாதத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டார் வெளியேற்றிவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள். அவர் வேலை பார்த்து, பாங்கிலும் பிராவிடண்டு பண்டிலும் பணம் சேர்த்தார். உயில் எழுதாமல் 1996ல் இறந்தார். 2009ல் சுப்ரீம் கோர்ட்டு, அந்தப் பணம் அவரை வளர்த்த தாய்க்கு அல்ல, கணவர் வழி உறவினர்களுக்கே போகும் என்று தீர்ப்பளித்தது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மணமான பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சம்பாதித்தது முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு.

நாமினி பெயர் கொடுத்திருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. பாங்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல. ஆனாலும் பெயர் கொடுத்திருந்தால் வீட்டார் அலைய வேண்டியதில்லை. பிராவிடண்டு பண்டுக்குக் கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாக எழுத வேண்டும்.

உயில் எழுத வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் செல்லும். சொத்து இருப்பவர்களுக்கு மட்டும்தான் உயில் என்று நினைக்க வேண்டாம். மாதம் 1,800 ரூபாய் பண்டில் சேரும் பெண்ணும் சொத்துக்காரிதான்.

வேலைக்குப் போகும் மகள் உள்ள வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பாஸ் புத்தகம், சம்பளச் சீட்டு, நகை ரசீது எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கட்டும். எதில் அவள் பெயர் இல்லையோ, அதை மாற்றும் வேலையை மறுநாளே தொடங்கட்டும்.